சனிக்கிழமைக் குழி

அத்தியாயம் 6

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றேன், துடுப்பை வலித்துக்கொண்டே.

"கேளு."

"செத்தவர் உயில் எழுதிட்டுப் போயிட்டார். அப்புறம் உயிரோட இருக்கிறவங்க எதுக்கு அடிச்சுக்கிறாங்க?"

"செத்தவர் திரும்பி வந்து விளக்கம் சொல்ல மாட்டார்ங்கிற தைரியம்தான்" என்றார் லெமுவேல் பிரேக், குடையைச் சாய்த்துப் பிடித்தபடி. வெயில் சுள்ளென்று அடித்தது. குடை ஒன்றுதான் இருந்தது, அது யாருக்கு என்பதில் எங்களுக்குள் தகராறு வந்ததே இல்லை.

சார்ல்ஸ்டன் நகரத்தில் மற்றவர்கள் தொலைத்ததை பிரேக் கண்டுபிடித்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஒளித்ததையும் கண்டுபிடிப்பார், அதற்குக் கூலி கொஞ்சம் அதிகம். நான் சிப்பியோ. அவருடைய உதவியாளன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மை என்னவென்றால், அவருடைய அத்தை எழுதிய உயிலில் 'வால்நட் மர அலமாரி, கறவைப் பசு, சிப்பியோ' என்று ஒரே வரியில் மூன்று சாமான்கள் இவருக்கு வந்தன. பசு போன வருஷம் செத்துப் போயிற்று. அலமாரியும் நானும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் உயில் என்ற சொல்லே எனக்கு ஆகாது. அன்றைக்குப் போய்க்கொண்டிருந்ததும் ஓர் உயில் வழக்குக்குத்தான்.

பென்ரோஸ் தோட்டம் ஆற்றை ஒட்டிய நெல் தோட்டம். கிழவர் ஜொனாதன் பென்ரோஸ் போன வருஷம் ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கண்ணை மூடினார். மகன் எட்மண்ட், மகள் லுக்ரீஷியா. நிலம், வீடு, வெள்ளிப் பாத்திரம் எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தது. சூக்கி என்ற பெண்ணின் கைக்குழந்தை மட்டும் பிரியவில்லை. அது மகனுக்கா மகளுக்கா என்று அடுத்த வாரம் கோர்ட்டில் விசாரணை.

"நமக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பிள்ளை கிழவர் சாகறதுக்கு முன்னாடி பொறந்ததா, பின்னாடி பொறந்ததா?" என்றார் பிரேக்.

"அதனால யாருக்கு என்ன வரும் ஐயா?"

"அது உனக்கெதுக்கு? நீ துடுப்பைப் போடு."

படித்துறையில் எட்மண்ட் பென்ரோஸே காத்திருந்தார். இளவயசு, சீட்டாடிச் சிவந்த கண். அறுவடை முடிந்ததும் தன் பங்கு ஆட்களை ஓட்டிக்கொண்டு மேற்கே நாட்செஸுக்குப் போகிறார், பருத்தி போட. அங்கே போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை திரும்பி வந்ததாக எங்கள் ஆட்களில் யாரும் சொன்னதில்லை.

"உண்மை எதுவா இருந்தாலும் எனக்குத்தான் முதல்ல தெரியணும், பிரேக். என் அக்காவுக்கு அல்ல" என்றார் எட்மண்ட்.

"கூலி கொடுக்கிறவருக்குத்தான் முதல் மரியாதை" என்று பிரேக் தொப்பியைத் தொட்டார்.

இருவரும் மாடிக்கு ஏறினார்கள், ஒயின் குடிக்க. எனக்கு யாரும் எதுவும் ஊற்றாததால் குடிசை வரிசைப் பக்கம் நடந்தேன்.

சூக்கி தன் குடிசை வாசலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். இருபதைத் தாண்டியிருக்க மாட்டாள். கிழவரின் உயில்படி அவள் லுக்ரீஷியாவுக்குப் போகிறவள். அந்த அம்மாள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். குழந்தை அவள் காலடியில் தவழ்ந்துகொண்டிருந்தது. கீழ் ஈறில் பால் பற்கள், கை நிறைய மண்.

"பையன் பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

"குவாஷி" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

எங்கள் ஆட்களில் பிள்ளை பிறந்த கிழமையே பிள்ளைக்குப் பெயர். ஞாயிறு என்றால் குவாஷி. அப்படியானால் கிழவர் செத்த மறுநாள். கங்காணி டாகெட் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருப்பதும் அதைத்தான். வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் பெயர்கள் வெறும் சத்தம். கிழமை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, நாங்களும் சொன்னதில்லை.

அந்த நேரம் பிரேக் படியிறங்கி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். குழந்தை குடுகுடுவென்று தவழ்ந்து வாய்க்கால் விளிம்புக்குப் போய்விட்டது. ஒரு கை விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே.

"குஃபி!" என்று அலறினாள் சூக்கி.

உலக்கையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வாரி எடுத்தாள். அப்புறம்தான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

குஃபி என்றால் வெள்ளிக்கிழமை.

"குஃபின்னா என்ன, சிப்?" என்றார் பிரேக். மனிதருக்குக் காது பாம்புக் காது.

"செல்லப் பேருங்க ஐயா. எங்க அம்மா என்னைக் கோபத்துல எருமைன்னு கூப்பிடுவா. அதுக்காக நான் பால் கறந்தேனா?"

அவர் சிரித்துவிட்டு டாகெட்டைத் தேடிக் களத்துப் பக்கம் போனார். நான் செருப்பைக் கட்டுவது போல் குனிந்தேன்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டாவது இந்த வாயை அடக்கியிருக்கணும் நான்" என்றாள் சூக்கி கிசுகிசுப்பாக. "அண்ணே, உன்னைக் கும்பிடறேன். ஞாயித்துக்கிழமையாவே இருக்கட்டும்."

"வெள்ளிக்கிழமையா இருந்தா என்ன ஆயிடும்?"

"பெரிய எசமான் சாகும்போது கையில பிள்ளை இருந்தா அது சின்ன எசமானுக்கு. நாட்செஸுக்குப் போயிடும். செத்தப்புறம் பொறந்தா அது என்னோடயே, லுக்ரீஷியாம்மா வீட்டுக்கு. பெரிய வீட்டுல வேலை செய்யற ஹானிபல் அண்ணன் சாப்பாட்டு மேசைக்குப் பின்னாடி விசிறி பிடிச்சுக்கிட்டு நின்னு, பெரியவர் உயிலைப் படிச்சுக் காட்டினதைத் தன் காதால கேட்டாரு."

"அதனால ஒளிச்சீங்க."

"வெள்ளி ராத்திரி பொறந்தான். பெரியவருக்கு இழுத்துக்கிட்டு இருந்துச்சு, இன்னைக்கோ நாளைக்கோன்னாங்க. பிள்ளையை உமிக் கிடங்குல வெச்சு, சர்க்கரைத் தண்ணித் துணியை வாயில குடுத்து, மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டாங்க. வரிசை முழுக்கத் தெரியும். ஒரு வாய் திறக்கல அண்ணே."

"சனிக்கிழமை நீ என்ன பண்ணினே?"

"வயலுக்குப் போனேன்" என்றாள். குழந்தையின் கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

எட்மண்ட் எங்களை எதற்குக் கூலிக்குப் பிடித்தார் என்று அப்போது எனக்குப் பளிச்சென்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமையை உடைக்கத்தான். பிரேக்கின் கண்ணில் மண்ணைத் தூவ வேண்டும். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. வாயாடுகிறவன் மூளையை யாரும் சோதிப்பதில்லை.

களத்துமேட்டில் டாகெட் ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரன்தான், ஆனால் எட்மண்ட் வீட்டு முன்வாசலில் அவனுக்கு நாற்காலி போட மாட்டார்கள். அந்த எரிச்சலையெல்லாம் எங்கள் ஆட்கள் முதுகில் இறக்குகிறவன்.

"ஞாயித்துக்கிழமை காலைலதான் பொறந்துச்சு. ஆயிரம் பைபிள் மேல சத்தியம் பண்ணுவேன்" என்றான்.

"ஒரு பைபிள் போதும்" என்றார் பிரேக். "முந்தின நாள் அவளைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? வயலில் நகரவே இல்ல. சோம்பேறி. நாலு குடுக்க வேண்டியதாப் போச்சு."

"கர்ப்பிணியையா?"

"நான் ஒண்ணும் காட்டுமிராண்டி இல்ல சார்" என்றான் டாகெட், நிஜமாகவே மனம் புண்பட்டு. "முறைப்படி குழி தோண்டினேன். வயிறு குழிக்குள்ள போயிடும், முதுகு மேல இருக்கும். வயித்துல இருக்கிறது எசமான் சொத்து. அதுக்குச் சேதம் வந்தா யார் பதில் சொல்றது?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வயிறு நல்லாத் தெரிஞ்சுதா?" என்றார் பிரேக்.

"பூசணிக்காய் மாதிரி. படுக்கும்போது தயங்கினா, முழங்காலால முதுகுல ஒரு அழுத்து அழுத்தினேன். டப்புனு ஒரு சத்தம். எனக்கு உசுரே போச்சு. போச்சுடா, எசமான் சொத்து போச்சுடான்னு நெனச்சேன். பார்த்தா மறுநாள் ஜம்முனு பெத்துப் போட்டிருக்கா! இரும்பு சார் இவளுங்க."

பிரேக் மூக்குப்பொடி டப்பியைத் திறக்கப் போனவர் திறக்காமல் நிறுத்தினார். அவர் அப்படி நிறுத்தினால் ஏதோ மாட்டிவிட்டது என்று அர்த்தம்.

"எங்கே அந்தக் குழி?"

"அந்தப் பெர்சிமன் மரத்தடியில. அன்னைக்கே அவளையே மூடச் சொல்லிட்டு வந்துட்டேன். பெரியவர் சாவு வேற வந்துடுச்சு."

"ஐயா, படகுக்கு நேரமாச்சு. ஓதம் இறங்கி ஆத்துத் தண்ணி வத்தினா சேத்துல தள்ளிக்கிட்டுப் போகணும்" என்றேன்.

"தள்ளலாம். மண்வெட்டி கொண்டா."

டாகெட் வயலுக்குப் போனபிறகு நான் தோண்டினேன். வேண்டுமென்றே தப்பான இடத்தில் ஆரம்பித்தேன். "இடது பக்கம், சிப்" என்றார். வேர் தடுக்கிறது என்றேன். "வேரைத் தாண்டி" என்றார். மண் இளகியிருந்த இடம் எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

"வெறும் மண்ணுங்க ஐயா. இதுல எதுவும்..."

"குழிக்குள்ள அந்தரத்துல இருக்கிற வயிறு டப்புனு சத்தம் போடாது" என்றார் பிரேக் நிதானமாக. "மனுஷ உடம்பு எதுவுமே அப்படிச் சத்தம் போடாது. காய்ஞ்சது ஏதாவது உடைஞ்சாத்தான் அந்தச் சத்தம். தோண்டு."

மண்வெட்டி ஒன்றில் தட்டியது. அவர் குனிந்து கையால் எடுத்தார். காய்ந்த சுரைக்குடுக்கைத் துண்டு. தண்ணீர் மொள்ள எல்லாக் குடிசையிலும் தொங்குமே, அந்தப் பெரிய குடுக்கை. இன்னொரு துண்டு. அதோடு மக்கிப்போன ஒரு கயிறும், இடுப்பில் கட்டிய முடிச்சு அவிழாமல்.

பிரேக் துண்டுகளைச் சேர்த்து வைத்தார். பாதி வயிறு உருவாகி அவர் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

வெள்ளி ராத்திரி பிள்ளை பெற்றவள். சனிக்கிழமை காலையில் குடுக்கையை வயிற்றில் கட்டிக்கொண்டு சேற்று வயலில் இறங்கியிருக்கிறாள். நடக்க முடியாமல் நின்றதற்கு அடி. 'நான் பெற்றுவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அடி இல்லை. குழியில் குப்புறப் படுத்து, அடிக்குக் கீழே ஓடு உடைந்து வயிற்றில் குத்த, அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லவில்லை. அழக்கூட என்னால் முடியவில்லை, அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதமான பொண்ணு" என்றார் பிரேக். உண்மையாகவே வியந்துதான் சொன்னார். "சனிக்கிழமை காலைல வயிறு காலி. கிழவர் செத்தது சாயங்காலம். அப்போ பிள்ளை முன்னாடியே பொறந்தாச்சு. உங்க ஆளுங்க பொறந்த கிழமையையே பேரா வெப்பாங்கன்னு எங்கேயோ கேட்ட ஞாபகம். குஃபின்னா வெள்ளிக்கிழமையா, சிப்?"

நான் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினேன்.

"சரி, சொல்லாதே."

"ஜெயிச்சுட்டீங்க ஐயா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "எட்மண்ட் ஐயாவுக்குப் பிள்ளை கிடைச்சாச்சு. கூலியை வாங்கிக்கிட்டுக் கிளம்பலாம்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"கிடைச்சாச்சா? இது வெளியே போச்சுன்னா எட்மண்டுக்குப் பிள்ளை போச்சு."

"என்ன ஐயா சொல்றீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டுகிறவனுக்குச் சொல்வது போல் மெதுவாகப் படித்தார். "'சூக்கியையும், நான் இறக்கும்போது அவளிடம் குழந்தை இருந்தால் அதையும், என் மகள் லுக்ரீஷியாவுக்குக் கொடுக்கிறேன். என் இறப்புக்குப் பின் சூக்கி பெறும் முதல் குழந்தை என் மகன் எட்மண்டுக்கு.' புரியுதா?"

"அப்படி இல்ல ஐயா. தலைகீழ். மேசையில படிச்சப்போ..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவருக்கு அது போதும்.

"ஓ" என்றார் பிரேக். "மேசையில படிச்சது பழைய உயில். அப்புறம் எட்மண்ட் சீட்டுல குதிரையைத் தோத்துட்டு வந்தான். கிழவருக்குக் கோபம். நேரே சார்ல்ஸ்டனுக்குப் போய் வக்கீல் அறையில வேற எழுதினாரு. கையில இருக்கிற பிள்ளை நிச்சயம், வரப்போற பிள்ளை வருமோ வராதோ. நிச்சயமானதை மகளுக்கு மாத்திட்டாரு. அந்த அறையில விசிறி பிடிக்க யாரும் இல்ல போலிருக்கு."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டேன். ஒளிக்காமல் இருந்திருந்தால் குழந்தை அவளோடு போயிருக்கும். பிறந்த ராத்திரியே விளக்கை ஏற்றி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் போதும்.

"அப்போ இதைக் கோர்ட்டுல காட்டுங்க ஐயா!" என்றேன். அவரிடம் நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. "நீங்க வெள்ளைக்காரர். உங்க வாயால சொன்னா எடுத்துக்குவாங்க. வெள்ளிக்கிழமைதான் ஐயா, நான் சொல்றேன், வரிசையில எல்லாருக்கும் தெரியும்..."

"வரிசை முழுக்கச் சொன்னாலும் கோர்ட்டுக்குக் காது கேக்காது. உனக்குத் தெரியாததா?"

"அதனாலதான் உங்களைக் கேக்கறேன்."

"நான் எட்மண்டோட ஆளு, சிப்" என்றார். குரலில் கோபம் கூட இல்லை. "அக்கா பக்கத்து வக்கீல் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி இதை நான் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் கூப்பிட்டாங்க. கண்டுபிடிச்சாச்சு."

துண்டுகளையும் கயிற்றையும் தொப்பிக்குள் போட்டார். வாய்க்கால் மதகுக்கு நடந்து தண்ணீரில் கவிழ்த்தார். சுரைத் துண்டு முதலில் மிதந்தது. அப்புறம் மதகுச் சுழலில் மாட்டி உள்ளே போயிற்று.

"கையில இருக்கிறதையும்" என்றார், திரும்பாமலே.

என் உள்ளங்கையில் ஒரு சின்னத் துண்டு இருந்தது. எடுத்ததை அவர் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. போட்டேன்.

"இப்போ குழியை மூடு."

மூடினேன். என் கையாலேயே, மிதித்து மிதித்து.

எட்மண்டிடம் அவர் விடைபெறப் போன நேரத்தில் நான் சூக்கியிடம் போனேன். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது.

"நின்னுதா அண்ணே? ஞாயித்துக்கிழமை நின்னுதா?"

"நின்னுது, தாயி."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்து ஊதினாள். அது கெக்கலி கொட்டியது.

அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அறுவடை வரைக்குமாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் வண்டி வந்து நிற்கும்போது எட்மண்ட் வாயிலிருந்து அவள் அதைக் கேட்கக் கூடாது என்று பட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன் நான். அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ அந்தக் குழிகிட்ட நின்னு, 'சாமி, நான் பெத்துட்டேன்'னு கத்தியிருந்தா, அடியும் இல்ல, பிள்ளையும் எனக்கா?"

"ஆமா."

"ஒரு வார்த்தை" என்றாள். "நாக்கு நுனியில இருந்துச்சு அண்ணே. கடிச்சு முழுங்கினேன்."

"மன்னிச்சிடு தாயி. நான் அந்த ஆளை..."

"நீ என்ன பண்ணுவே? நீயே ஒருத்தர் சாமான்."

வாய்க்கால் கரைக்கு நடந்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இனிமே எதை ஒளிக்கிறது? டேய் குஃபி. குஃபி!" என்று சத்தமாகவே கூப்பிட்டாள். பிள்ளை சட்டென்று அவள் வாயைப் பார்த்தது. ராத்திரிகளில் காதோரமாக அவள் சொல்லிவந்த பெயர், அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "அவங்க ஞாயித்துக்கிழமைன்னே எழுதிக்கட்டும். நாட்செஸுல நம்ம ஆளு எவளாவது இருப்பால்ல? பேரைக் கேட்டா, இவன் வெள்ளிக்கிழமை பொறந்தவன், இவனுக்கு ஒரு ஆத்தா இருந்தான்னு தெரிஞ்சுக்குவா. அதுக்குள்ள இவன் அதை மறக்காம இருக்கணும், அவ்வளவுதான். குஃபி! இங்க பாரு. குஃபி!"

"சிப்! படகு!" என்று படித்துறையிலிருந்து பிரேக் கூப்பிட்டார்.

ஓதம் இறங்க ஆரம்பித்திருந்தது. நான் துடுப்பைப் போட்டேன். அவர் குடையை விரித்தார். வளைவு திரும்பியும் அவள் குரல் தண்ணீர் மேல் வந்துகொண்டே இருந்தது, மூச்சு விடாமல், ஒரே பெயர்.

"ஏன் அப்படிக் கத்திக்கிட்டே இருக்கா?" என்றார் பிரேக்.

"பிள்ளையைக் கூப்பிடறாங்க ஐயா."

"அது இடுப்புலதானே இருக்கு?"

"ஆமாங்க ஐயா" என்றேன். "இப்போ இடுப்புலதான் இருக்கு."